நோட்டு இனி மகன் கையில்

கேள்வி: மகனுக்கு 16 வயது. சின்ன வயதிலிருந்தே நெஃப்ராட்டிக் சிண்ட்ரோம் (சிறுநீரில் புரதம் கசிந்து, உடம்பு வீங்கும் சிறுநீரக நோய்). இனி பெரியவர்களுக்கான சிறுநீரக டாக்டரிடம் போகச் சொல்கிறார்கள். மாத்திரையைக்கூட நான்தான் எடுத்துக் கொடுக்கிறேன். எப்படிச் சமாளிப்பான்?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: கோபித்துக்கொள்ளாதீர்கள், நீங்கள் எடுத்துக் கொடுப்பதுதான் சிக்கலே. பெரியவர்களுக்கான டாக்டரிடம் மாறுவது பற்றிய பேச்சை 12, 14 வயதிலேயே ஆரம்பித்திருக்க வேண்டும். சரி, இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. காலையில் சிறுநீரில் புரதத்தைக் காட்டும் ஸ்டிரிப்பை நனைத்து, நிறம் பார்த்து, நோட்டில் 'நில்' (புரதம் இல்லை), 'டிரேஸ்' (மிகக் கொஞ்சம்), 'ஒரு பிளஸ்' என்று குறிப்பீர்கள் இல்லையா, அந்த நோட்டை இன்றைக்கே அவனிடம் கொடுத்துவிடுங்கள். தொடர்ந்து மூன்று நாள் மூன்று பிளஸ் வந்தால் நோய் திரும்பிவிட்டது, உடனே டாக்டருக்குப் போன் போட வேண்டும் என்பது அவனுக்கே தெரிந்திருக்க வேண்டும். முகம் உப்புகிறது, நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள் என்று ஸ்டீராய்டு மாத்திரையைத் தானாக நிறுத்திவிடுகிற வயது இது. திடீரென நிறுத்தினால் ஆபத்து, அதைப் பயமுறுத்தாமல் டாக்டரே சொல்லட்டும். தலைவலிக்குக் கடையில் புரூஃபென் என்ற வலி மாத்திரையை வாங்கிப் போடக் கூடாது என்பதையும் சேர்த்து. அடுத்த முறை முதல் பத்து நிமிடம் அவன் தனியாக டாக்டரைப் பார்க்கட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள் (கஷ்டம்தான்!). அப்புறம், பயாப்ஸி (சிறுநீரகத் திசுப் பரிசோதனை) ரிப்போர்ட், மருந்து அளவு எல்லாம் அடங்கிய சுருக்கம் ஒன்றைப் பழைய டாக்டரிடமே எழுதி வாங்கிவிடுங்கள்.