எல்லாருக்கும் 10.2: கடிதமும் பதிலும்

வணக்கம் ஐயா,

நான் பிளஸ் டூவுக்கு வேதியியல் எடுக்கிறேன். இந்த வருடம் நீதிபோதனை பீரியடும் என் தலையில் விழுந்தது. மனைவி சாகக் கிடக்கிறாள், மருந்து வாங்கப் பணம் போதவில்லை, கணவன் அதைத் திருடலாமா என்ற கதையைக் கொடுத்துப் பேசச் சொன்னேன். வக்கீல்கள் தோற்றார்கள், அப்படி வாதாடினார்கள். மறு வாரம் லேபில் டைட்ரேஷன், அதாவது ஒரு கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, நிறம் மாற எவ்வளவு பிடிக்கிறது என்று அளப்பது. ஏறக்குறைய எல்லா நோட்டிலும் ஒரே ரீடிங், 10.2 மி.லி. பார்த்து எழுதியதுதான். நீதிபோதனையால் ஏதாவது பிரயோஜனம் உண்டா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள ஆசிரியைக்கு,

அந்தப் பீரியடைக் கணக்கு வாத்தியாருக்குத் தாரை வார்க்காமல் நீங்களே எடுத்தீர்களே, அதற்கே ஒரு வணக்கம்.

மருந்துக் கதை லாரன்ஸ் கோல்பர்க் என்ற அமெரிக்க உளவியலாளர் பயன்படுத்தியது. திருடலாமா கூடாதா என்பதைவிட, பிள்ளைகள் அதற்கு என்ன காரணம் சொல்கிறார்கள் என்றுதான் அவர் பார்த்தார். காரணம் சொல்வதில் உங்கள் பிள்ளைகள் தேறிவிட்டார்கள். ஆனால் அந்த மருந்துக் கடையில் அவர்களுக்கு மார்க் எதுவும் போகாதே!

இதில் அதிர்ச்சியடைய ஒன்றுமில்லை. 1920களிலேயே ஹார்ட்ஷோர்ன், மே என்ற இருவர் அமெரிக்காவில் ஆயிரக்கணக்கான பள்ளிப் பிள்ளைகளைச் சோதித்துப் பார்த்தார்கள். ஓரிடத்தில் நேர்மையாக இருந்த பிள்ளையே இன்னோரிடத்தில் ஏமாற்றியது. கோல்பர்க்குக்கும் கதை மட்டும் போதவில்லை. 1974-ல் மாசசூசெட்ஸில் கேம்பிரிட்ஜ் நகரில் ஒரு சிறிய பள்ளி தொடங்கத் துணை நின்றார். அங்கே ஆசிரியருக்கும் ஒரு ஓட்டு, மாணவருக்கும் ஒரு ஓட்டு. ஒருமுறை ஒரு பிள்ளையின் பர்ஸிலிருந்து ஒன்பது டாலர் காணாமல் போனது. எடுத்தவர் யாரென்று தெரியவில்லை. கூட்டம் போட்டுப் பேசி, ஆளுக்குப் பதினைந்து சென்ட் போட்டு அதை ஈடுகட்டுவது என்று முடிவெடுத்தார்கள். எனக்கு மருந்துக் கதையைவிட இந்தச் சில்லறைக் கணக்குதான் பிடிக்கிறது.

சரி, உங்கள் லேபுக்கு வருவோம். டைட்ரேஷனில் சரியான விடைக்கு எவ்வளவு பக்கத்தில் வருகிறதோ, அவ்வளவு மார்க். பியூரெட்டில், அதாவது கரைசலை அளந்து விடும் குழாயில், 11.4 பார்த்து 11.4 என்றே எழுதுகிறவனுக்கு நஷ்டம். பக்கத்து நோட்டைப் பார்த்து எழுதுகிறவனுக்கு லாபம். வாரம் ஒரு பீரியட் நீங்கள் சொல்வதை மார்க் தினமும் மறுத்துப் பேசுகிறது. பள்ளியே போடும் இன்டர்னல் பத்து மார்க்கும் அப்படித்தான். படித்தவன், படிக்காதவன், வராதவன் எல்லாருக்கும் முழுசாகப் போடும் பள்ளிகள் உண்டு. பிள்ளைகளுக்கு அது தெரியாது என்றா நினைக்கிறீர்கள்?

என் பிளஸ் டூ பிராக்டிகலில் பர்மாங்கனேட் கரைசலை ஒரேயடியாகத் திறந்துவிட்டேன். இளஞ்சிவப்பில் நிறுத்தவேண்டியது கத்தரிப்பூ நிறத்துக்குப் போய்விட்டது. லேப் அட்டெண்டர் பக்கத்தில் வந்து ஒரு எண்ணை முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார். எங்கள் மேல் உள்ள பாசத்தில்தான். எழுதினேன், முழு மார்க். எனக்கு அடுத்து நின்றவன் மட்டும் தனக்கு வந்ததையே எழுதினான். வெளியே வந்ததும் அவனைப் ‘பிழைக்கத் தெரியாதவன்’ என்று சொல்லிச் சிரித்தவர்களில் நானும் ஒருவன். காப்பியடித்தது எப்போதோ மறந்துவிட்டது. அந்தச் சிரிப்பு மறக்கவில்லை.

பொதுத்தேர்வை நீங்கள் மாற்ற முடியாது. சாதாரண லேப் நாட்கள் உங்கள் கையில் இருக்கின்றன. அதில் விடைக்கு மார்க் வேண்டாம். தனக்கு வந்த ரீடிங்கை எழுதி, எங்கே தப்பியது என்று சொல்கிறவர்களுக்குப் போடுங்கள். அப்புறம், இன்டர்னல் பத்தை எப்படிப் போடுகிறீர்கள் என்று அவர்களிடமே திறந்து பேசுங்கள். சங்கடமாக இருக்கும். மருந்துக் கதையில் அந்தச் சங்கடம் இல்லை.

‘ஏறக்குறைய எல்லா நோட்டிலும்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் 10.2 எழுதாத ஒருவரோ இருவரோ இருக்கிறார்கள். அவர்களுக்கு எவ்வளவு மார்க் போட்டீர்கள்?