அப்பாவின் துப்பாக்கி அலமாரியில் இருக்கிறது, உரிமம் முடிந்துவிட்டது: அடுத்து என்ன?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எட்டு ஏக்கர் செம்பனை (எண்ணெய்ப்பனை) வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி இது. பன்றித் தொல்லைக்காக அவருடைய தகப்பனார் உரிமத்தோடு ஓர் ஒற்றைக் குழல் செனாப்பாங் பாத்தா, அதாவது குழலை முறித்துத் தோட்டா போடும் துப்பாக்கி, வைத்திருந்தார். அவர் காலமாகி ஐந்து மாதம் ஆகிறது. துப்பாக்கியும் மிச்சத் தோட்டாக்களும் இன்னும் வீட்டு அலமாரியில். பெர்த்தில் பண்ணை வேலை பார்க்கும் அண்ணன் "எனக்கு அனுப்பிவிடு" என்கிறார். அமெரிக்காவில் படிக்கும் அக்காள் மகன் "இங்கே கடைக்குப் போனால் வாங்கிவிடலாம் மாமா, அங்கே மட்டும் ஏன் இந்தக் கெடுபிடி" என்கிறான். துப்பாக்கி தன் பெயருக்கு மாறுமா என்று கேட்கிறார் வாசகர்.

தானாக மாறாது. நிலமும் வீடும் காரும் வாரிசுக்கு வரும். துப்பாக்கி உரிமம் வராது. அது ஆளைப் பார்த்து, அவர் சொன்ன காரணத்தைப் பார்த்துக் கொடுத்தது. ஆள் போனதும் அதுவும் போய்விட்டது. ஆகவே உங்கள் வீட்டில் இப்போது இருப்பது உரிமமில்லாத துப்பாக்கி, அலமாரிச் சாவி உங்கள் கையில். மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி அதற்கு 7 ஆண்டுவரை சிறை அல்லது 10,000 ரிங்கிட்வரை அபராதம் அல்லது இரண்டும். 1971ஆம் ஆண்டின் துப்பாக்கி (கடும் தண்டனைகள்) சட்டத்தின் கீழ் வழக்கு போட்டால் 14 ஆண்டுவரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. எந்தச் சட்டத்தைக் கையில் எடுப்பது என்பது அரசுத் தரப்பின் முடிவு. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. "நாற்பதாம் நாள் முடியட்டும்", "தீபாவளி கழியட்டும்" என்று தள்ளிப்போட்ட விஷயம் எவ்வளவு கனமானது என்று தெரிந்தால்தான் இந்த வாரமே கிளம்புவீர்கள்.

கிளம்பும்போது துப்பாக்கியைக் கையோடு எடுத்துப் போகாதீர்கள். பலர் சறுக்குவது இங்கேதான். ஒப்படைக்கத்தானே போகிறோம் என்று கோணியில் சுற்றி மோட்டார் சைக்கிளில் வைத்துக்கொண்டு போவார்கள். வழியில் சாலைத் தடுப்பில் நிறுத்தினால் அந்த விளக்கம் எடுபடுமா என்பது அங்கே நிற்கும் அதிகாரியைப் பொறுத்தது. வெறுங்கையோடு காவல் நிலையத்துக்குப் போய்ப் புகார் எழுதுங்கள். அப்பாவின் இறப்புச் சான்றிதழ், உரிமப் புத்தகம், உங்கள் ஐசி (அடையாள அட்டை) மூன்றும் இருக்கட்டும். இறந்த தேதி, துப்பாக்கி எங்கே இருக்கிறது, எத்தனை தோட்டா, தாமதம் ஏன் என எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள். வீட்டுக்கு வந்து எடுத்துக்கொள்ளும்படி கேளுங்கள். நீங்களே கொண்டுவரச் சொன்னால், சொன்ன அதிகாரியின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொண்டு, புகார் நகலைக் கையில் வைத்துக்கொண்டு கொண்டுபோங்கள். ஐந்து மாதத் தாமதம் உறுத்தினால் ஒரு வழக்கறிஞரையும் கூட்டிப் போகலாம். தானாக முன்வந்து ஒப்படைப்பவரையும் சோதனையில் பிடிபடுபவரையும் யாரும் ஒரே கண்ணால் பார்ப்பதில்லை.

அதுவரை துப்பாக்கியைத் தொடாமல் பூட்டி வையுங்கள், சாவியை ஒருவரே வைத்துக்கொள்ளட்டும். குழலில் தோட்டா இருக்கிறதா என்று பழக்கமில்லாதவர் முறித்துப் பார்க்க வேண்டாம். நம் ஊர் ஈரத்தில் பழைய தோட்டாவின் காகித உறை உப்பிக் குழலுக்குள் இறுகிவிடும், பித்தளை அடியும் பச்சை பிடித்து ஒட்டிக்கொள்ளும். அதைக் கம்பியால் குத்தித் தள்ளப் பார்ப்பது ஆபத்து. அந்தப் பித்தளை அடியின் நடுவில்தான் அடிபட்டால் வெடிக்கும் குமிழ் இருக்கிறது. உள்ளே ஏதோ இருப்பதாகச் சந்தேகம் வந்தால் போலீஸிடம் சொல்லுங்கள், அது போதும்.

பக்கத்துத் தோட்டத்து நண்பருக்கு உரிமம் இருக்கிறதே, அவரிடம் கொடுத்து வைக்கலாமே என்று சிலர் யோசிப்பார்கள். அவருடைய உரிமம் அவருடைய துப்பாக்கிக்கு மட்டும். கொடுத்தால் இருவரும் மாட்டுவீர்கள். ஆற்றில் போடுவது, புதைப்பது, கிரைண்டரால் அறுப்பது எதுவும் வேண்டாம். போலீஸ் பதிவில் அந்த எண் உயிரோடு இருக்கிறது. நாளைக்கு "எங்கே" என்று கேட்டால் காட்டப் பொருள் இருக்காது.

ஒப்படைத்ததும் எழுத்து மூலமான ரசீது வாங்குங்கள். தயாரிப்பு, வரிசை எண், தோட்டா எண்ணிக்கை மூன்றும் அதில் இருக்க வேண்டும். எண்ணை அங்கேயே உரிமப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். பழைய புத்தகங்களில் கையால் எழுதியபோது 1 என்பது 7 ஆகியிருக்கும். நம்மவர்களுக்கு இன்னொரு தலைவலியும் உண்டு. உரிமத்தில் ஒரு மாதிரி, ஐசியில் ஒரு மாதிரி, இறப்புச் சான்றிதழில் இன்னொரு மாதிரி என்று அப்பாவின் பெயர் மூன்று எழுத்தில் இருக்கும். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாணம் ஒன்று இப்போதே எடுத்து வையுங்கள். நில விவகாரத்துக்கும் அது உதவும். ஒரு விஷயம்: துப்பாக்கி ரேலா என்னும் அரசுத் தொண்டர் படையுடையதா தோட்ட நிர்வாகத்துடையதா என்பதையும் புத்தகத்தில் பாருங்கள். அப்படியானால் அது உங்கள் குடும்பச் சொத்தே அல்ல, மேற்கொண்டு யோசிக்கவும் வேண்டாம்.

உங்கள் சொந்தத் துப்பாக்கிதான் என்றால், போலீஸ் காவலில் இருக்கும்போதே மூன்று வழி உண்டு. உங்கள் பெயரில் புது உரிமம் கேட்கலாம், போலீஸ் ஒப்புதலோடு உரிமம் பெற்ற வியாபாரிக்கு விற்கலாம், அல்லது அழிக்கும்படி அரசுக்கே விட்டுக்கொடுக்கலாம்.

புது உரிமத்துக்கான மனு மாவட்டப் போலீஸ் தலைமையகம் வழியாகப் போகும், கொடுக்கும் அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவருக்கு. குற்றப் பதிவு பார்ப்பார்கள், பூட்டி வைக்க இடம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உங்களுக்கு ஏன் துப்பாக்கி என்று கேட்பார்கள். மனு நிற்பதும் விழுவதும் இந்தக் கேள்வியில்தான். "பன்றி வருகிறது, எட்டு ஏக்கர் இருக்கிறது" என்பீர்கள். கிரானில் (நிலப்பட்டாவில்) யார் பெயர்? அப்பா பெயர். அப்படியானால் சட்டத்தின் கண்ணுக்கு நிலம் இன்னும் உங்களுடையது அல்ல, காரணமும் உங்களுடையது அல்ல. உயில் இல்லாமல் போயிருந்தால், 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, தாத்தா பாட்டி உயிரோடு இல்லாதபோது அம்மாவுக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு பிள்ளைகள் எல்லாருக்கும். எனவே நில அலுவலகத்தில் பங்கீட்டு வேலையை முதலில் நகர்த்துங்கள். அது முடியும்வரை காத்திருக்க முடியாதென்றால் அம்மா, அண்ணன், அக்காள் மூவரின் ஒப்புதல் கடிதத்தையும் மனுவோடு இணையுங்கள். நிலவரி ரசீது, பன்றி கிளறிய கன்றுகளின் தேதியிட்ட படங்கள், சேதத்துக்குக் கொடுத்த புகார்கள் இருந்தால் மனு பலப்படும். உரிமம் கிடைத்தாலும் பன்றியைச் சுட வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானின் அனுமதி தனியாக வேண்டும். துப்பாக்கி உரிமம் வேட்டை உரிமம் ஆகாது.

இவ்வளவும் தேவையா என்று ஒரு தரம் யோசியுங்கள். பன்றி நாசம் செய்வது பெரும்பாலும் இளங்கன்றைத்தான். குருத்தைத் தோண்டித் தின்றுவிடும். உங்கள் மரங்கள் வளர்ந்து காய்ப்பில் இருந்தால் அது உதிர்பழத்தைத் தின்றுவிட்டுப் போகும், அவ்வளவுதான். அதற்காக ஆண்டுதோறும் உரிமம் புதுப்பித்துக்கொண்டு, துப்பாக்கிக்குக் காவலிருப்பது லாபமில்லாத வேலை. மறுநடவு செய்யப் போகிறீர்களென்றால் மின்வேலி போடுங்கள். தரையிலிருந்து 20 சென்டிமீட்டரில் ஒரு கம்பி, 45 சென்டிமீட்டரில் ஒரு கம்பி போதும். வேலிக்கென்றே விற்கும் துடிப்புக் கருவியையே மாட்ட வேண்டும். வீட்டு மின்சாரத்தை நேராக இழுத்து மாட்டினால் பன்றிக்கு முன் மனிதன் சாவான். புல் வளர்ந்து கீழ்க்கம்பியைத் தொட்டால் மின்சாரம் மண்ணில் இறங்கிவிடும். "வேலி போட்டும் பயனில்லை" என்பவர்களின் தோட்டத்தில் முதலில் இதைத்தான் பார்க்க வேண்டும்.

மருமகன் கேட்ட "ஏன் இந்தக் கெடுபிடி"க்குப் பதில் உங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத்தில் எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று ஐரோப்பியத் துரைமார்களைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றார்கள். அவசரகாலம் பிறந்தது. அனுமதியின்றித் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்கு என்ற விதி அப்போது வந்தது. இன்றைய ஆயுதச் சட்டம் அந்த அவசரகாலம் முடிந்த 1960ஆம் ஆண்டில் பிறந்தது, அந்தக் கண்டிப்பு அதில் தங்கிவிட்டது.

இறந்தவரின் துப்பாக்கியை என்ன செய்யச் சொல்கிறது என்று பார்த்தாலே ஒரு நாட்டின் சட்டம் எந்தப் பக்கம் சாய்கிறது என்று தெரிந்துவிடும். பிரிட்டனில், சொத்தை நிர்வகிப்பவர் விற்று முடிக்கும்வரை வைத்திருக்க 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7ஆம் பிரிவின்படி போலீஸ் தற்காலிக அனுமதிச் சீட்டு கொடுக்கும். இந்தியாவில் 70 வயது தாண்டியவரோ 25 ஆண்டு உரிமம் வைத்திருந்தவரோ உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றித் தரக் கேட்கலாம். ஆனால் வாரிசின் பின்னணியையும் விசாரித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஓர் உரிமதாரருக்கு இரண்டு துப்பாக்கிதான். அமெரிக்கா நேர் எதிர். 1791இல் வந்த அரசியல் சட்டத்தின் இரண்டாம் திருத்தத்தைத் தனிமனித உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2008இல் ஹெல்லர் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அங்கே துப்பாக்கி ஏறக்குறைய மற்றச் சொத்தைப் போல வாரிசுக்குப் போகிறது. மாநிலம் விட்டு மாநிலம் போனாலும், வாரிசுச் சொத்து என்றால் வியாபாரி வழியாகப் போக வேண்டும் என்று கூட்டரசுச் சட்டம் கேட்பதில்லை. மாநிலச் சட்டங்கள் மட்டும் இடத்துக்கு இடம் வேறுபடும்.

ஆனால் அந்தத் தாராளம் உங்கள் மருமகனுக்கு இல்லை. மாணவர் விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அதே கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. மாநில வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள்தான் உண்டு. நண்பனோடு சுடுதளத்துக்குப் போய் வாடகைத் துப்பாக்கியைக் கையில் எடுப்பதும் "வைத்திருப்பது"தான். பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டு, தங்கும் அனுமதியை இழந்த ஒரு வெளிநாட்டு மாணவர் சுடுதளத்தில் சுட்டதற்காகவே வழக்கில் சிக்கினார்; ரெஹைஃப் வழக்கு என்று 2019இல் அது உச்ச நீதிமன்றம்வரை போனது. தண்டனை 15 ஆண்டுவரை போகலாம், விசாவும் போய்விடும். பையனிடம் இதை இன்றைக்கே சொல்லுங்கள்.

அண்ணன் விஷயம் சுருக்கம். ஆஸ்திரேலியாவில் 1996 ஏப்ரலில் போர்ட் ஆர்தரில் 35 பேர் கொல்லப்பட்ட பிறகு நாடு முழுக்க விதிகள் இறுகின. துப்பாக்கிக்கு நியாயமான காரணம் காட்ட வேண்டும். தற்காப்பு அந்தப் பட்டியலிலேயே இல்லை. பெர்த் இருக்கும் மேற்கு ஆஸ்திரேலியா 2024ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்துவிட்டது: பொழுதுபோக்கு வேட்டைக்காரருக்கு 5, பண்ணை நடத்துபவருக்கு 10. பண்ணை நடத்துவது வேறு, பண்ணையில் வேலை பார்ப்பது வேறு. ஒற்றைக் குழல் முறி துப்பாக்கி அங்கே எளிதான வகைதான். ஆனாலும் அண்ணன் முதலில் அங்கே உரிமமும் இறக்குமதி அனுமதியும் வாங்க வேண்டும், பிறகு நீங்கள் இங்கே ஏற்றுமதி அனுமதி வாங்க வேண்டும், உரிமம் பெற்ற வியாபாரி வழியாக அனுப்ப வேண்டும். கூரியரில் போடும் பேச்சே கிடையாது. இந்தச் செலவில் அண்ணன் அங்கேயே ஒன்று வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, தோட்டாவைப் போலீஸிடம் கொடுக்கும்போது வீட்டில் கிடக்கும் சுட்ட உறைகளையும் தேடிச் சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். பிள்ளைகள் பித்தளை அடியைச் சாவிக்கொத்தில் மாட்டிக்கொள்வார்கள். அதோடு ஜொகூர் பாலம் தாண்டி சிங்கப்பூருக்கு வேலைக்குப் போனால் சோதனைச் சாவடியில் பதில் சொல்ல வேண்டிவரும். கைத்துப்பாக்கி வடிவச் சிகரெட் லைட்டரைக்கூட உள்ளே விடாத ஊர் அது.