குஞ்சுகளின் எச்சமும் குடல் நலமும்: கேள்வி பதில்

கேள்வி: ஐயா, எங்கள் சிறுவிடை நாட்டுக்கோழிக் குஞ்சுகளுக்கு வயது பத்து நாள். எச்சத்தின் மேல் வெள்ளை படிந்திருக்கிறது. சில எச்சங்கள் பசைபோல, கடும் நாற்றத்துடன் விழுகின்றன. இது கழிச்சலா?

பதில்: இல்லை. பறவைகள் சிறுநீரைத் தனியாகக் கழிப்பதில்லை என்பதால், சிறுநீரகத்திலிருந்து வரும் யூரிக் அமிலம் எச்சத்தின் மேல் சுண்ணாம்பு தடவியதுபோல் படிகிறது. பசைபோன்ற பழுப்பு எச்சம், குடலோடு ஒட்டிய இரு பைகளான குருட்டுக்குடல்களிலிருந்து வருவது. அது நாளுக்குச் சில முறை விழுவது இயல்பே.

கேள்வி: வெளியூரிலிருந்து வாங்கிவந்த ஒருநாள் குஞ்சுகள் சிலவற்றின் ஆசனவாயில் எச்சம் காய்ந்து ஒட்டியிருக்கிறது. பிய்த்து எடுக்கலாமா?

பதில்: பிய்க்கவே கூடாது, தோலும் சேர்ந்து உரிந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சைச் சற்று நேரம் வைத்திருந்தால் எச்சம் ஊறி இளகும்; மெல்லத் துடைத்து, ஈரத்தை ஒற்றி எடுத்து, விளக்கின் கதகதப்பில் விடுங்கள். வயிற்றின் அடியில் உள்ள தொப்புள் பொருக்கை எச்சமென்று எண்ணி இழுத்துவிடாதீர்கள். அப்படி இழுத்ததால் குஞ்சுகள் இறந்ததைக் கண்டிருக்கிறேன்.

பயணத்தில் பட்ட குளிரும் நீர் வற்றியதுமே பெரும்பாலும் இதற்குக் காரணம். முதல் வாரம் 35 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். அதன்பின் வாரத்திற்கு 3 டிகிரி வீதம் குறைக்கலாம். வெப்பமானி இல்லையென்றாலும் குஞ்சுகளே காட்டிக்கொடுக்கும்: விளக்கடியில் ஒன்றன்மேல் ஒன்று குவிந்தால் குளிர்கிறது, சிறகை விரித்து, வாயைப் பிளந்து ஓரமாக ஒதுங்கினால் வெப்பம் மிகுதி. பொரிக்கும் முன் வயிற்றுக்குள் உள்ளிழுத்த மஞ்சட்கரு இரண்டு மூன்று நாள் தாங்கும் என்பதால், வந்து இறங்கியதும் தீவனத்திற்கு அவசரப்படாமல், ஒவ்வொரு குஞ்சின் அலகையும் நீரில் தொட்டுக் குடிக்கப் பழக்குங்கள்.

கேள்வி: 25 நாள் குஞ்சுகளின் எச்சத்தில் இரத்தம் தெரிகிறது. தரையில் பரப்பிய உமிக் கூளம் மழையில் நனைந்துவிட்டது.

பதில்: குடலின் உட்சவ்வு உரிந்து, எப்போதாவது ஆரஞ்சு நிற இழையாக வருவதுண்டு, குஞ்சு சுறுசுறுப்பாக இருந்தால் அஞ்ச வேண்டாம். ஆனால் நீங்கள் சொல்லும் வயதும் ஈரமும் சேர்ந்தால், எய்மீரியா ஒட்டுண்ணியால் வரும் இரத்தக் கழிச்சல் என்றே கொண்டு உடனே செயல்படுங்கள். எச்சத்தோடு வெளியேறும் அதன் முட்டைகள் ஈரமும் வெப்பமும் உள்ள கூளத்தில் ஓரிரு நாளில் முதிர்ந்து, கொத்தித் தின்னும் மற்ற குஞ்சுகளுக்குத் தொற்றுகின்றன. நனைந்த உமியை முழுதும் அள்ளிவிட்டுக் காய்ந்த உமி இரண்டு அங்குலம் பரப்புங்கள். நோயுற்ற குஞ்சு தீவனம் எடுக்காவிட்டாலும் நீர் குடிக்கும். ஆகவே கால்நடை மருத்துவர் சொல்லும் அளவில் ஆம்ப்ரோலியத்தைக் குடிநீரில் கொடுங்கள். அது வைட்டமின் பி1-ஐ ஒட்டுண்ணிக்குக் கிடைக்கவிடாமல் செய்து வேலைசெய்யும் மருந்து; அதே நாட்களில் பி வைட்டமின் டானிக்கும் கொடுத்தால் பயன் குறைந்துவிடும்.

கேள்வி: பச்சையும் வெள்ளையுமாகக் கழிந்து, தலை தொங்கி, இரண்டு இறந்துவிட்டன. மஞ்சளும் சின்ன வெங்காயமும் கொடுத்தால் போதுமா?

பதில்: போதாது. இது ராணிக்கெட் என்னும் வெள்ளைக்கழிச்சலாக இருக்கலாம். அந்த நச்சுயிரியைக் கொல்லும் மருந்து கிடையாது. முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ இடும் சொட்டுத் தடுப்பூசியே காப்பு. கழிச்சல் வெறும் வெள்ளையாக, மூன்று வாரத்திற்குள் வந்தால், தாய்க்கோழியின் முட்டைவழி வரும் சால்மோனெல்லா என்னும் பாக்டீரியாவையும் ஐயுற வேண்டும். வெறும் கண்ணால் இரண்டையும் பிரித்தறிவது கடினம். நோயுற்றவற்றை உடனே பிரித்து வையுங்கள். இறந்த குஞ்சைப் பனிக்கட்டியிட்டு, இன்றே அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டுசெல்லுங்கள்.