அண்ணனின் மருந்தைத் தம்பிக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: என் மூத்த மகனுக்கு ஐந்து வயது. சென்ற மாதம் மூக்கொழுகலுக்காக மருத்துவர் எழுதித் தந்த சிரப் பாதிக்கு மேல் மீதம் இருக்கிறது. எட்டு மாதமான இளையவனுக்கு நேற்றிலிருந்து உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாக எழும்பி மறைகிறது. “காணாக்கடிதான், அதே மருந்தில் அரை ஸ்பூன் கொடு” என்கிறார் மாமியார். கொடுக்கலாமா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: கொடுக்க வேண்டாம். உங்கள் மாமியார் காணாக்கடி என்று கணித்தது சரியாகவே இருக்கலாம். ஆனால், அளவைப் பாதியாக்கினால் எந்த மருந்தும் கைக்குழந்தைக்கு ஏற்றதாகிவிடாது. புட்டியின் லேபிளில் குளோர்பெனிரமின், பினைலெப்ரின் என்ற இரண்டு பெயர்களும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இருந்தால், அது ஒழுகலுக்கும் அடைப்புக்கும் சேர்த்துத் தயாரிக்கப்பட்ட கூட்டு மருந்து. இதை நான்கு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரக் கூடாது என்ற எச்சரிக்கையை லேபிளில் அச்சிட வேண்டுமென 2023 டிசம்பரில் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவுறுத்தியது. உங்கள் புட்டியில் அந்த வரி இல்லாவிட்டாலும் குழந்தையின் வயது மாறப் போவதில்லை. தவிர, தோலில் எழும் தடிப்புக்கு மூக்கடைப்பு மருந்து எதற்கு?

குளோர்பெனிரமின் போன்ற பழைய தலைமுறை அலர்ஜி மருந்துகள் எளிதில் மூளைக்குள் சென்றுவிடுகின்றன. அதனால் சில குழந்தைகள் எழுப்பினாலும் விழிக்காத அளவுக்குத் தூங்கும். வேறு சில, அதற்கு நேர்மாறாக, காரணமின்றி அழுது துடிக்கும். இதே வகையைச் சேர்ந்த ப்ரோமெத்தசின் கலந்த மருந்தை இரண்டு வயது நிறையாத குழந்தைக்குத் தரவே கூடாது. மூச்சு அடங்கிக் குழந்தைகள் இறந்ததை அடுத்து, அமெரிக்க மருந்து நிர்வாகம் 2004இல் அதற்கு மிகக் கடுமையான எச்சரிக்கையை விதித்தது.

ஆறு மாதம் கடந்த குழந்தைக்குக் காணாக்கடி என்று உறுதியானால், மருத்துவர்கள் பெரும்பாலும் செட்டிரிசின் எழுதுவார்கள். எட்டு மாதக் குழந்தைக்கு வழக்கமான அளவு நாளொன்றுக்கு ஒருமுறை 2.5 மில்லிகிராம், 5 மில்லியில் 5 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால், அது 2.5 மில்லி. பெயரில் நெருங்கிய லீவோசெட்டிரிசினோ அதே மில்லிகிராமுக்கு இருமடங்கு வீரியம் கொண்டது. சொட்டு மருந்தாக விற்பவற்றின் அடர்த்தியும் வேறுபடும். ஆகவே, “எத்தனை மில்லி?” என்று மட்டும் கேட்டுவிட்டு வந்துவிடாமல், எந்த மருந்து, எத்தனை மில்லிகிராம் என்பதையும் எழுதி வாங்குங்கள். என்னிடம் வரும் தாய்மார்களை, வீட்டிலுள்ள எல்லா மருந்துப் புட்டிகளையும் கையோடு கொண்டுவரச் சொல்வேன். வெவ்வேறு பெயருள்ள இரண்டு புட்டிகளில் ஒரே மருந்து இருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

சமையலறை ஸ்பூன்கள் ஒன்றைப்போல் மற்றொன்று இருப்பதில்லை என்பதால், அளவுக் குறியிட்ட ஊசியில்லா சிரிஞ்சால் எடுத்து, குழந்தையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, கன்னத்தின் உட்புறமாக மெல்ல விடுங்கள். பால் புட்டியில் கலந்தால், மீதம் வைத்த பாலோடு எவ்வளவு மருந்து போயிற்று என்று தெரியாது. கொடுத்ததும் கக்கிவிட்டால், மருத்துவரைக் கேட்காமல் மறுமுறை தர வேண்டாம். இந்த வயதில் வைரஸ் தொற்றாலும் காணாக்கடி வரும். முட்டை போன்ற புதிய உணவு ஏதாவது கொடுத்திருந்தால் அதையும் மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

கேள்வி: இரவுப் பேருந்தில் ஊருக்குப் போகும்போது ஒன்றரை வயது மகள் அழாமல் தூங்குவதற்காக அலர்ஜி மருந்து தரலாம் என்கிறார் தோழி. ஒருமுறை தந்தால் தவறா?
– வாசகி, திருப்பூர்

பதில்: ஒருமுறைகூடத் தராதீர்கள். தூக்கம் அந்த மருந்தின் பக்கவிளைவு. அதற்காகவே ஒரு குழந்தைக்கு அதைக் கொடுப்பதை என்னால் ஏற்க முடியாது. ஓடும் பேருந்தின் இருட்டில், மடியில் கிடக்கும் குழந்தையின் மூச்சு மெலிவதை நீங்கள் கவனிக்கவும் முடியாது. அழுதால் சக பயணிகள் முகம் சுளிப்பார்கள் என்ற உங்கள் சங்கடம் புரிகிறது, சுளித்தால் சுளிக்கட்டும்.

கேள்வி: நிலக்கடலை சாப்பிட்ட மூன்று வயது மகனுக்கு உதடு வீங்கியது. செட்டிரிசின் கொடுத்ததும் சரியாயிற்று. இனியும் அப்படியே செய்யலாமா?
– வாசகர், விருதுநகர்

பதில்: இம்முறை உதட்டோடு நின்றது. அடுத்த முறை மூச்சிரைப்பு, குரல் கம்மல், தொடர் வாந்தி, துவண்டுபோதல் ஆகியவற்றில் ஒன்று சேர்ந்துகொண்டாலும் சிரப் எடுக்க நேரம் செலவிடாமல் 108ஐ அழையுங்கள். அப்போது உயிர் காப்பது தொடையில் போடும் அட்ரினலின் ஊசிதான். செட்டிரிசின் அரிப்பைத் தணிக்குமே தவிர, மூச்சுக்குழாயைத் திறக்காது. ஊர்தி வரும்வரை அவனைப் படுக்க வையுங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் உட்கார்ந்திருக்கட்டும், நடக்க விடாதீர்கள். அலர்ஜி நிபுணரைப் பார்க்கும்வரை நிலக்கடலையை அறவே தவிருங்கள். கடலைமிட்டாயும் அதில் சேரும்.