சாலை அகலமும் தடங்களும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: யாரும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு சாலைக்கு இரண்டு தடம் என்று குறித்துவிட்டேன். அகலம் ஏழு மீட்டர் என்றும் சேர்த்து எழுதிவிடலாமா?

அளக்காமல் எழுத வேண்டாம். தடம் எண்ணிப் பார்ப்பது. அகலம் அளந்து பார்ப்பது. தடத்துக்கு 3.5 மீட்டர் என்று பெருக்கிக்கொள்வது, அகலம் பதிவாகாத இடத்தில் படம் வரையும் மென்பொருள் செய்யும் ஊகம். அதை நாமே தரவில் எழுதிவிட்டால், அளந்த எண் எது, ஊகித்த எண் எது என்று பின்னால் வருபவருக்குத் தெரியாது. ஒரு தடம் 2.75 மீட்டராகவும் இருக்கலாம், 3.75 ஆகவும் இருக்கலாம். நான்கு தடச் சாலையில் அந்த வித்தியாசம் 4 மீட்டர், அதாவது முழுசாக ஒரு தடம்!

'லேன்ஸ்' டேகில் (டேக் என்பது சாலையின் ஒரு தகவலைப் பெயரும் மதிப்புமாகப் பதியும் குறிப்பு) மோட்டார் வாகனங்களுக்கான தடங்களை மட்டும் எண்ணுங்கள். பேருந்துத் தடமும் திரும்பும் தடமும் இதில் சேரும். சைக்கிள் தடமும் வண்டி நிறுத்தும் ஓரமும் சேராது. தடக்கோடே போடாத சாலை என்றால் 'லேன்_மார்க்கிங்ஸ்' டேகுக்கு 'நோ' என்று கொடுங்கள். அங்கே அளந்த அகலம்தான் உண்மையில் பயன்படும்.

கேள்வி: அகலத்தை எங்கிருந்து எங்கு வரை அளப்பது?

பெரும்பாலான குழப்பம் இங்கேதான். வெறும் 'விட்த்' என்று எழுதினால் ஒருவர் நடைபாதையையும் சேர்த்திருப்பார், இன்னொருவர் விட்டிருப்பார். விளிம்புக்கல்லிலிருந்து விளிம்புக்கல் வரை அளந்திருந்தால் 'விட்த்:கேரேஜ்வே' என்று எழுதுங்கள். சாலைப் பரப்பிலேயே இருக்கும் சைக்கிள் தடமும் நிறுத்துமிடமும் அதற்குள் அடங்கும். எண்ணை மீட்டரில், தசமப் புள்ளியோடு எழுதுங்கள். புள்ளிக்குப் பதில் காற்புள்ளி வந்தால் பல நிரல்களுக்கு அது எண்ணாகவே தெரியாது. எதைக்கொண்டு அளந்தீர்கள் என்பதை 'சோர்ஸ்:விட்த்' டேகில் சொல்லிவிடுங்கள்.

டேப்பைச் சாலைக்குச் செங்குத்தாகப் பிடியுங்கள். 20 டிகிரி சாய்ந்தாலே 7 மீட்டர் 7.45 என்று காட்டும். சந்திப்புக்கு அருகில் சாலை விரிந்துவிடுவதால் அங்கே அளக்காதீர்கள். நடுப்பகுதியில் இரண்டு மூன்று இடங்களில் பாருங்கள். எண்கள் கணிசமாக மாறினால் சாலைக்கோட்டை அங்கே வெட்டித் தனித்தனி அகலம் கொடுங்கள்.

வான்படத்திலிருந்து அளப்பவர்கள் தசமத்தை நம்ப வேண்டாம். ஒரு படப்புள்ளி 30 செ.மீ. என்றால், இரு ஓரத்திலும் ஒரு புள்ளி தவறினாலே 60 செ.மீ. போய்விடும். அந்த நிலையில் 6.83 என்று எழுதுவது பொய்த் துல்லியம். மர நிழல் ஓரத்தை மறைத்திருந்தால் அந்த இடத்தை விட்டுவிடுவதே சரி.

கேள்வி: நேரில் 7 மீட்டர் இருக்கும் சாலை, ஜி.ஐ.எஸ். (புவியியல் தகவல்) மென்பொருளில் 14 மீட்டர் என்று வருகிறது. ஏன்?

வெப் மெர்கேட்டர் வீழலில், அதாவது உருண்டையான பூமியைத் தட்டையாக்க இணைய வரைபடங்கள் பயன்படுத்தும் முறையில், நேரடியாக அளந்திருப்பீர்கள். அதில் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலக நீளம் பெருகும்: 30 டிகிரி அட்சரேகையில் சுமார் 1.15 மடங்கு, 45-இல் 1.41, 60-இல் இரு மடங்கு. பூமியின் உண்மையான வடிவத்தை ஒட்டிய நீள்கோளப் பரப்பில் அளக்கும் வசதியைத் தேர்ந்தெடுங்கள், இல்லையேல் அந்தப் பகுதிக்குரிய யூ.டி.எம். மண்டலத்துக்கு (நீளம் அதிகம் மாறாத, பகுதிவாரியான வீழல்) மாற்றி அளங்கள்.

கேள்வி: திரும்பும் தடங்களைப் பதிந்தேன், வழிகாட்டும் செயலி தவறான தடத்தைச் சொல்கிறது.

முதலில் எண்ணிக்கையைச் சரிபாருங்கள். முன்னே செல்வது மூன்று தடம் என்றால் 'டர்ன்:லேன்ஸ்:ஃபார்வர்ட்' மதிப்பில் இரண்டு செங்குத்துக் கோடுகள் இருக்க வேண்டும்: 'லெஃப்ட்|த்ரூ|த்ரூ;ரைட்' (இடம், நேர், நேர் அல்லது வலம்). வரிசை எப்போதும் அந்தத் திசையில் ஓட்டுபவருக்கு இடமிருந்து வலம். எதிர்த்திசைத் தடங்களுக்கு எதிரே வருபவரின் கண்ணால் எண்ண வேண்டும். பலர் தவறுவது இதில்தான். எண்ணிக்கை சரியாக இருந்தும் சிக்கல் தீரவில்லை என்றால், தடம் கூடும் இடத்தில் சாலையை வெட்டியிருக்கிறீர்களா என்று பாருங்கள்.

நடுவில் பெயின்ட் கோடு மட்டும் இருக்கும் சாலையை இரண்டு தனிக்கோடுகளாகப் பிரிக்காதீர்கள். தடுப்புச்சுவர் போன்ற உண்மையான தடை இருந்தால் மட்டும் பிரிக்க வேண்டும்.

கேள்வி: ஓட்டுநர் பாவனை மென்பொருள்களுக்குச் சாலையை விவரிக்கும் ஓப்பன்டிரைவ் கோப்பு வடிவத்தில், 30 மீட்டர் தூரத்தில் சுழியிலிருந்து 3.5 மீட்டராக விரியும் தடத்தை எப்படி எழுதுவது?

அங்கே தட அகலம் ஒரு முப்படிக் கோவை. ஏ, பி, சி, டி என நான்கு கெழுக்கள்: தொடக்கத்திலிருந்து உள்ள தூரம் 'தூ' என்றால், அகலம் = ஏ + பி×தூ + சி×தூ² + டி×தூ³. ஏ = 0, பி = 0, சி = 0.011667, டி = −0.000259. இந்த எண்களில் இரு முனையிலும் சரிவு சுழியாகும். தட ஓரம் முறியாமல் வளையும். பி-யை மட்டும் வைத்து நேர்க்கோடாக விரித்தால் இரு முனையிலும் தட ஓரம் ஒடிந்து நிற்கும்.