மூன்றாம் நிமிடத்தில் தேங்கும் தனி கிட்டார் பதிவுகள்: ஒரு பதில்

வணக்கம். முன்தயாரிப்பே இல்லாமல் வாசிக்கும் தனி ஜாஸ் கிட்டார் ஆல்பத்திற்கான ஒவ்வொரு பதிவும் மூன்றாம் நிமிடத்திற்குப் பிறகு கைப்பழக்கமான அதே ஃப்ரேஸ்களுக்கு (சிறு இசைத்தொடர்களுக்கு)த் திரும்பிவிடுவதாகவும், வெட்டி ஒட்டினால் ஓட்டம் கெடுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள்.

எனக்குத் தோன்றும் காரணம், நீங்கள் எடுத்துக்கொள்ளும் அளவற்ற சுதந்திரமே. 1975 ஜனவரியில் ஜெர்மனியின் கொலோன் நகரில், முன்தயாரிப்பின்றி வாசித்த ஒரு தனிக் கச்சேரியில், ஜாஸ் பியானோ கலைஞர் கீத் ஜாரெட்டுக்குக் கிடைத்த சிறிய பியானோவின் மேல், கீழ் ஸ்தாயிகள் சரியாக ஒலிக்காததால், அவர் பெரும்பாலும் நடு ஸ்தாயியிலேயே நின்று, இடக்கையில் தாள உருக்களைத் திரும்பத் திரும்ப வாசித்தார். அந்தக் கச்சேரியின் தனித்தன்மையில் அக்குறைக்கும் பங்குண்டு. நீங்களும் ஒவ்வொரு பதிவுக்கும் முன்பு ஒரே ஒரு தடையை விதித்துக்கொள்ளுங்கள்: முதலிரண்டு தந்திகளைத் தொடாதிருக்கலாம், அல்லது ஆறாம் தந்தியை டி (D) ஸ்வரம் வரை இறக்கி வைக்கலாம் (பழகிய விரலமைப்புகள் பல அப்போது தாமாகவே பயனற்றுப் போகும்). பதிவுக்குப் பதிவு தடையை மாற்றுங்கள். இல்லையேல் அதுவும் பழக்கமாகிவிடும்.

வெட்டுவதைவிட மூன்று நிமிடத்திலேயே முடித்துவிடுவது மேல். பதிவு குறுகியதாக இருப்பது குறையன்று. மைக்கையும் பிக்கப்பின் (தந்தி அதிர்வை மின்சமிக்ஞையாக்கும் கருவியின்) நேரடி இணைப்பையும் தனித்தனி டிராக்குகளில் 24 பிட் துல்லியத்தில் பதிந்து, வழக்கமான உச்ச அளவை மைனஸ் 12 டெசிபல் (பதிவுக் கருவி தாங்கும் எல்லைக்கு 12 டெசிபல் கீழே) அருகே வைத்தால், திடீரென ஓங்கி வாசித்தாலும் ஒலி சிதையாது. மறுபடி அப்படியே வாசிக்க இயலாத இசைக்கு இந்த முன்னெச்சரிக்கை அவசியம்.