அந்த ஒரு குளிசையால் அல்ல

அன்புள்ள அக்கா,

நான் வெள்ளவத்தையில் இருக்கிறேன். போன வருடம் என் அண்ணாவுக்கு மூளையில் கட்டி என்று ஒப்பரேஷன் செய்தார்கள். பயொப்சியில் கிளியோபிளாஸ்டோமா என்ற மூளைப் புற்றுநோய், நான்காம் நிலை என்று வந்தது. ஆறு கிழமை மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்க் கரண்ட் (கதிர்ச் சிகிச்சை) பிடித்தோம், கூடவே ரெமோசோலமைட் என்ற புற்றுநோய்க் குளிசையும். முதல் ஸ்கானில் ஒன்றும் இல்லை என்றார்கள். எட்டு மாதத்தில் பழைய இடத்துக்குப் பக்கத்திலேயே திரும்ப வந்துவிட்டது.

அண்ணி ஒரு கொப்பியில் குளிசை கொடுத்த நேரம் எல்லாம் எழுதி வைத்திருக்கிறார். ஒரு இரவு அண்ணா குளிசையை வாந்தி எடுத்துவிட்டார், அன்றைக்குத் திரும்பக் கொடுக்கவில்லை. அதனால்தான் வந்தது என்று அந்தப் பக்கத்தைப் பார்த்துப் பார்த்து அழுகிறார். ஒப்பரேஷனில் மிச்சம் விட்டுவிட்டார்கள் என்கிறார் மாமா. பேஸ்புக்கில் வந்த வெளிநாட்டு ஸ்டெம் செல் சிகிச்சை விளம்பரம் ஒன்றையும் அனுப்பியிருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?

ஒரு வாசகி

அன்புத் தங்கச்சி,

முதலில் அண்ணியின் கொப்பி. ரெமோசோலமைட் எடுத்து வாந்தி வந்தால் அன்றைக்கு இன்னொன்று கொடுக்கக்கூடாது. மருந்தோடு வரும் தாளிலேயே அப்படித்தான் இருக்கிறது. அண்ணி அந்த இரவு செய்தது சரி. இதை இன்றைக்கே அவரிடம் சொல்லுங்கள், மிச்சத்தைப் பிறகு வாசிக்கலாம்.

மாமா சொல்வது பாதி உண்மை. மிச்சம் இருந்திருக்கும், ஆனால் கவனக்குறைவால் அல்ல. இந்தக் கட்டிக்கு ஓரம் என்று ஒன்று கிடையாது. வேறு உறுப்பு என்றால் சுற்றியுள்ள நல்ல தசையிலும் கொஞ்சம் சேர்த்து வெட்டிவிடுவார்கள். மூளையில் அந்தக் கொஞ்சத்தில்தான் பேச்சு இருக்கும், கை அசைவு இருக்கும். கட்டியின் கலங்களோ நரம்பு இழைகளைப் பிடித்துக்கொண்டு ஸ்கானில் தெரியாத தூரத்துக்கு ஊர்ந்து போயிருக்கும். அமெரிக்காவில் வால்ட்டர் டான்டி என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இப்படிப்பட்ட கட்டிகளுக்காக மூளையின் வலது பாதியையே எடுத்துப் பார்த்து 1928இல் அதைப் பற்றி எழுதினார். அப்படிச் செய்தும் நோய் திரும்பியது.

சரி, கரண்டுக்கும் குளிசைக்கும் அந்த மிச்சம் ஏன் சாகவில்லை? கட்டிக்குள் எல்லாக் கலங்களும் ஒரே மாதிரி இல்லை. ரொறொன்ரோவில் ஷீலா சிங், பீட்டர் டர்க்ஸ் குழுவினர் நோயாளிகளின் மூளைக் கட்டிக் கலங்களை இரண்டு வகையாகப் பிரித்து எலிகளின் மூளையில் வைத்தார்கள். சி.டி.133 என்ற புரதம் உள்ள வகையில் 100 கலங்களே போதுமாக இருந்தது, முழுக்கட்டி வளர்ந்தது. அந்தப் புரதம் இல்லாத வகையில் 1,00,000 வைத்தும் வளரவில்லை. 2004இல் வெளிவந்த ஆய்வு இது. இந்தச் சிறு கூட்டத்தைத்தான் புற்றுநோய் மூலக்கலங்கள் (ஸ்டெம் செல்) என்கிறார்கள்.

ரெமோசோலமைட் கலத்தின் டி.என்.ஏ.யில் ஒரு சின்ன ஒட்டு ஒட்டி வைக்கிறது. கலம் பிரியப் போகும்போதுதான் அது கலத்தைக் கொல்லும். பிரியாமல் உறங்கிக் கிடக்கும் கலத்துக்கு அவசரம் இல்லை. எம்.ஜி.எம்.ரி. என்ற புரதம் அந்த ஒட்டைப் பிடுங்கிப் போட்டுவிடும். கதிர் பட்டு டி.என்.ஏ. உடைந்தாலும் மூலக்கலங்கள் மற்றவற்றைவிடச் சுறுசுறுப்பாகத் தைத்துக்கொள்கின்றன என்று 2006இல் காட்டினார்கள். 2012இல் எலிகளில் பார்த்தபோது, மருந்து நின்ற பிறகு கட்டியைத் திரும்பக் கட்டியெழுப்பியது உறங்கிக் கிடந்த கலங்கள்தான்.

ஹெந்தளையில் எங்கள் வீட்டு முற்றத்தில் கோரை பிடுங்குகிற ஒவ்வொரு தடவையும் இது நினைவுக்கு வரும். மேலே எவ்வளவு சுத்தமாக இழுத்தாலும், மண்ணுக்குள் கறுப்பாக, கடலை அளவில் ஒரு கிழங்கு அறுந்து நின்றுவிடும். மழை பெய்தால் மூன்றாம் நாள் பச்சை. ஆனால் கட்டி கோரையைவிடக் கொடியது. கோரையில் இலை இலைதான். இங்கே கட்டியின் சாதாரணக் கலமே நெருக்கடியில் மூலக்கலமாக மாறிவிடும் என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. சி.டி.133 இல்லாத கலங்களும் சில வேளை கட்டியை வளர்த்தன. அதனால்தான் மூலக்கலத்தை மட்டும் குறிவைக்கும் மருந்து இன்னும் கைக்கு எட்டவில்லை.

ஆகவே அண்ணா ஒரு நேரம் தவறாமல் குளிசை எடுத்திருந்தாலும் இந்தக் கலங்கள் இருந்திருக்கும். அதற்காகச் சிகிச்சை வீண் என்று நினைக்காதீர்கள். 2005இல் வந்த பெரிய ஆய்வில், கதிர்ச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் இரண்டு வருடம் தாண்டியவர்கள் 10.4 வீதம். குளிசையும் சேர்ந்தபோது 26.5 வீதம்.

அந்த விளம்பரத்துக்குக் காசு அனுப்ப வேண்டாம், தயவுசெய்து. பெயர் ஒன்றாக இருப்பதைத் தவிர மேலே சொன்னதற்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. வேறொரு நரம்பு நோய்க்காக மொஸ்கோவில் நரம்பு மூலக்கலங்கள் ஏற்றப்பட்ட ஓர் இஸ்ரேலியச் சிறுவனுக்கு, சில வருடம் கழித்து மூளையிலும் முள்ளந்தண்டு வடத்திலும் கட்டி வந்தது. 2009இல் பரிசோதித்து எழுதினார்கள்: கட்டியின் கலங்கள் தானம் கொடுத்தவர்களுடையவை. மாமா அன்பினால்தான் அனுப்பியிருக்கிறார், ஆனால் அவரிடம் இதைச் சொல்லத்தான் வேண்டும்.

அடுத்த கிளினிக்கில் இரண்டு விஷயம் கேளுங்கள். எம்.ஜி.எம்.ரி. பரிசோதனை செய்திருக்கிறார்களா? இரண்டாவது ஒப்பரேஷனோ, திரும்பக் கதிர்ச் சிகிச்சையோ அண்ணாவுக்குப் பொருந்துமா? அந்தக் கொப்பியையும் கொண்டு போங்கள். இனிமேல் அதில் குளிசை நேரத்தோடு வலிப்பு வந்த நாள், தலையிடி, கால் தடுமாறியது எல்லாவற்றையும் அண்ணி எழுதட்டும். மூளை வீக்கத்தைக் குறைக்கும் டெக்ஸாமெதசோன் மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று முடிவெடுக்க டொக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

அன்புடன்,
அக்கா